நுரையீரலுக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது?



"குழந்தை தண்ணி குடிச்சிடுச்சாம்!"

பிரசவ வார்டு வாசலில் நின்றவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். பிறந்த குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினால் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டதும் எனக்கு மூன்று சந்தேகம் வந்தது. குடித்த தண்ணீர் வயிற்றுக்குத்தானே போகணும்? நுரையீரலுக்குள் எப்படி வந்தது? சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நுரையீரலுக்குக் கீழே குழாயும் இல்லை, ஓட்டையும் இல்லை. பிறகு எப்படி வெளியே போகும்?

பதில் தேடிப் படித்ததைத்தான் இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். இடைவேளையில் ஒரு பகுதி, சாப்பாட்டு நேரத்தில் ஒரு பகுதி என்று படித்தாலும் பரவாயில்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம்

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாய், அதன் கிளைகள், கிளையின் கிளைகள் என்று போய்க் கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. சின்னச் சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி படம் போடுவோமே, அதுதான். ஒரு மனிதனுக்கு இப்படி 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றின் சுவரையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கிட்டத்தட்ட ஒரு இறகுப்பந்து மைதானம்!

அந்தச் சுவர் மிகவும் மெல்லியது. பல இடங்களில் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு மைக்ரான் கூட இல்லை. சுவரில் இரண்டு வகை செல்கள். முதல் வகை தோசை மாதிரி தட்டையானது. சுவர்ப் பரப்பில் சுமார் 95 சதவீதத்தை இதுதான் மூடியிருக்கிறது. இரண்டாம் வகை உருண்டு திரண்டது. நுண்ணறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பொருளை இது சுரக்கிறது.

இந்த அறைக்குள் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் ஒரு மெல்லிய பூச்சு அளவுக்குத்தான். அறையே நிரம்பிவிட்டால் ஆக்சிஜனால் இரத்தத்தைச் சென்று சேர முடியாது. தண்ணீரில் மூழ்காமலே மூழ்கியது போல ஆகிவிடும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். "நெஞ்சுல நீர் கட்டியிருக்கு, ஊசி போட்டு எடுத்தாங்க" என்று சொல்வார்கள். அது வேறு. அந்த நீர் நுரையீரலுக்கு வெளியே, நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் இடையே சேர்வது. அதை ஊசியால் எடுக்கலாம். நுண்ணறைக்குள் சேரும் நீரை அப்படி எடுக்க முடியாது. 30 கோடி அறைக்கு எத்தனை ஊசி குத்துவது? அந்த வேலையைச் சுவரில் இருக்கும் செல்களேதான் செய்தாக வேண்டும்.

உப்பு போகிற பக்கம் தண்ணீர் போகும்

ஒரு செல் தண்ணீரைப் பிடித்து நேரடியாக வெளியே தள்ளுமா? தள்ளாது. அது தள்ளுவது உப்பை.

நம் வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுவதை நினைத்துப் பாருங்கள். வெட்டிய துண்டில் உப்பைப் போட்டு ஜாடியில் மூடி வைக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்றுவதில்லை. மறுநாள் பார்த்தால் ஜாடியில் நீர் விட்டிருக்கும். வெளியே உப்பு அதிகம் என்பதால் மாங்காய்க்குள் இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்குள் எல்லோரும் படித்துவிடும் சவ்வூடு பரவல்தான் இது. அறிவியல் வகுப்பில் படித்ததை அம்மா சமையலறையில் செய்துகொண்டிருக்கிறார், அவ்ளோதான்.

நுண்ணறைச் செல்லும் இதையே செய்கிறது. அதற்கு இரண்டு கருவிகள் உண்டு.

ஒன்று, காற்றுப் பக்கத்தில் இருக்கும் சோடியம் வாயில். நீரில் கரைந்திருக்கும் சோடியம் அயனி இதன் வழியாகச் செல்லுக்குள் நுழையும்.

இரண்டு, இரத்தப் பக்கத்தில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப். இது ஏ.டி.பி. சக்தியைச் செலவழித்து, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957-ல் இதைப் பற்றி வெளியிட்டார். 40 வருஷம் கழித்து, 1997-ல், அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பம்ப் ஓடிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் காற்றுப் பக்கத்துச் சோடியம் வாயில் வழியாக உள்ளே வரும். வந்ததைப் பம்ப் மறுபக்கம் தள்ளும். சோடியத்தின் பின்னாலேயே குளோரைடு போகும். உப்பு மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும், தண்ணீரும் அதே பக்கம் போய்விடும். அங்கிருந்து இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் எடுத்துப் போய்விடும்.

இது நிஜமா?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் என்ன என்று நம் ஆசிரியர் கேட்பார். ஆதாரம் இருக்கிறது.

1982-ல் அமெரிக்காவில் மைக்கேல் மாத்தே, நார்மன் ஸ்டாப் முதலியோர் மயக்கத்தில் இருந்த செம்மறி ஆடுகளின் நுரையீரலுக்குள் அந்த ஆட்டின் சீரத்தையே விட்டுப் பார்த்தார்கள். சீரத்தில் புரதம் உண்டு. சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மிச்சம் இருந்த திரவத்தில் புரதம் முன்பைவிட அடர்த்தியாக இருந்தது. பால் சுண்டினால் கெட்டியாகுமே, அது போல. அதாவது தண்ணீர் போய்விட்டது, புரதம் அங்கேயே நின்றுவிட்டது. புரதம் அடர்ந்த திரவம் தண்ணீரைத் தன் பக்கம்தான் இழுக்கும். அந்த இழுப்பையும் மீறித் தண்ணீர் வெளியேறியது என்றால், செல்கள் சக்தி செலவழித்து வேலை செய்திருக்கின்றன என்று அர்த்தம்.

இன்னொரு ஆதாரம் 1996-ல் வந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள், சோடியம் வாயிலின் முக்கியமான ஒரு பகுதியை உருவாக்கும் ஜீன் இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினார்கள். அந்தக் குட்டிகள் பிறந்தன, மூச்சுவிட முயன்றன. ஆனால் நுரையீரலில் இருந்த நீரை அவற்றால் வெளியேற்ற முடியவில்லை. 40 மணி நேரத்துக்குள் எல்லாம் இறந்துவிட்டன. ஒரே ஒரு வாயில் இல்லாததால்! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

காலிங் பெல்: ஏற்பி

இப்போதுதான் நம் கதாநாயகன் வருகிறார். பெயர் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி.

பம்ப் எப்போதும் மெதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். "அவசரம், வேகமாக ஓட்டு!" என்று யார் சொல்வது? அட்ரினலின் சொல்லும். பயந்தால், ஓடினால், பரீட்சைத் தாளைப் பார்த்தால் சுரக்கிற அதே ஹார்மோன்தான். ஆனால் அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று பெல்லை அழுத்திவிட்டுப் போய்விடும். அந்தப் பெல்தான் ஏற்பி.

ஏற்பி ஒரு புரதம். செல்லின் சவ்வில் ஊசி நூல் தைத்தது போல ஏழு முறை உள்ளும் வெளியும் போய் வந்திருக்கும். வெளிப்பக்கம் அட்ரினலின் பொருந்தியதும் அதன் உருவம் சற்றே மாறும். உடனே உள்பக்கம் ஒரு சங்கிலி வேலை தொடங்கும்:

1. ஏற்பியின் அடியில் இருக்கும் ஜி-புரதம் விழித்துக்கொள்ளும்.
2. அது ஒரு நொதியைத் தூண்டும். நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறை நிறையத் தயாரிக்கும்.
3. அந்தச் செய்தி செல் முழுக்கப் பரவும்.
4. செல்லுக்குள் சும்மா இருந்த சோடியம் வாயில்கள் மேலே வந்து சவ்வில் பொருந்தும். பம்ப்புகளும் வேகம் பிடிக்கும்.
5. உப்பு வேகமாகப் போகும். தண்ணீரும் பின்னாலேயே போகும்.

ஒரே ஹார்மோன் உடலில் வேறு வேறு வேலை செய்வதைப் பார்த்து, ஏற்பிகளில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை இருக்க வேண்டும் என்று 1948-ல் சொன்னவர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட். சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல். பீட்டா-2 ஏற்பியின் ஜீனை 1986-ல் படித்து, பிறகு அதன் வடிவத்தையும் காட்டிய ஆராய்ச்சிகளுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012-ல் நோபல். ஒரு பெல்லைப் புரிந்துகொள்ள எத்தனை பேர், எத்தனை வருஷம் பாருங்கள்!

நுரையீரலில் இந்தப் பெல் வேலை செய்கிறதா என்பதையும் ஆட்டில் பார்த்தார்கள். 1987-ல் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும் டெர்பியூட்டலின் மருந்தைக் கொடுத்தபோது நீர் வெளியேறும் வேகம் கூடியது. சோடியம் வாயிலை அடைக்கும் அமிலோரைடு மருந்தைக் கொடுத்தால் வேகம் குறைந்தது. 1994-ல், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட மனித நுரையீரலிலும் டெர்பியூட்டலின் இதே வேலையைச் செய்தது.

நம் நண்பர்கள் சிலர் ஆஸ்துமாவுக்காகப் பையில் வைத்திருக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும் பீட்டா-2 ஏற்பியைத்தான் தூண்டுகிறது. ஆனால் அங்கே அது மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்துகிறது. ஒரே மாதிரி பெல், வேறு வீடு. டாக்டர் சொல்லாமல் யாரும் அதை வாங்கி அடித்துப் பார்க்காதீர்கள்.

பிறக்கும் நேரத்தில் நடப்பது

இப்போது "தண்ணி குடிச்சிடுச்சு" விஷயத்துக்கு வருவோம்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் காலியாக இருப்பதில்லை. அதில் நீர் நிறைந்திருக்கும். அது குடித்த நீரும் இல்லை, பனிக்குடத்திலிருந்து புகுந்த நீரும் இல்லை. நுரையீரலே சுரந்த நீர்! குளோரைடை உள்ளே தள்ளி, தண்ணீரை உள்ளே வரவைக்கிறது. நுரையீரல் விரிந்து வளர இந்த நீர் அவசியம். பிறக்கும் சமயத்தில் ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 30 மில்லி இருக்கும். 3 கிலோ குழந்தைக்கு ஒரு சின்ன காபி டம்ளர் அளவு.

பிறந்ததும் இதே அறையில் காற்று வரவேண்டும். அதனால் சுரந்த செல்களே இப்போது உறிஞ்ச வேண்டும். வேலையைத் தலைகீழாக மாற்றச் சொல்வது யார்? பிரசவ வலியின்போது குழந்தையின் உடலிலேயே அட்ரினலின் ஏராளமாகச் சுரக்கிறது. அது பெல்லை அழுத்துகிறது. இங்கிலாந்தில் ஆல்வர், வால்டர்ஸ், ஸ்ட்ராங் ஆகியோர் 1978-லும் 1983-லும் வெளியிட்ட ஆய்வுகளில், பிறக்காத ஆட்டுக்குட்டிக்கு அட்ரினலின் கொடுத்தபோது நீர் சுரப்பது நின்று உறிஞ்சுவது தொடங்கியதைக் காட்டினார்கள்.

குழந்தை வெளியே வரும்போது மார்பு அமுங்கிக் கொஞ்சம் நீர் வாய் வழியாக வரும். முதல் முதலாக இழுக்கும் மூச்சும் நீரைச் சுவர் பக்கம் தள்ளும். இவற்றோடு சோடியம் பம்ப்பும் சேர்ந்தால்தான் அறை வறண்டு நிற்கும்.

இதை நான் இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்குக் காரணம் என் அக்கா. அக்கா குழந்தை வயிற்றில் தலை மேலே, கால் கீழே என்று இருந்தது. அதனால் வலி வருவதற்கு முன்பே 38-வது வாரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். குழந்தை பிறந்ததும் நிமிஷத்துக்கு 70 தடவைக்கு மேல் மூச்சு வாங்கியது. குழந்தைகள் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "நுரையீரல்ல ஈரம் இருக்கு, ரெண்டு மூணு நாள்ல வத்திடும், பயப்படாதீங்க" என்றார். ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "வலிக்குப் பயந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டா, அதான்" என்று ஒருவர். "மாசமா இருக்கும்போது தண்ணியா குடிச்சா" என்று இன்னொருவர். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். அம்மா குடிக்கிற தண்ணீர் குழந்தையின் நுண்ணறைக்குப் போவதில்லை. வலி வருவதற்கு முன் சிசேரியன் செய்தால் குழந்தைக்கு அட்ரினலின் அலை குறைவாக இருக்கும். பெல் மெதுவாக அடிக்கும், நீர் வற்றக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அதுவரை ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆபரேஷன் செய்தது குழந்தை திரும்பியிருந்ததால். இதில் அக்காவின் தப்பு எங்கே இருக்கிறது? மூன்றாம் நாள் குழந்தையை அக்கா பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வயிற்றுக்குள்ளேயே குழந்தை மலம் கழித்து, அது கலந்த நீர் மூச்சுக்குழாய்க்குள் போவதும் உண்டு. அது வேறு பிரச்சினை, இன்னும் ஆபத்தானது. எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மலை உச்சியில் ஒரு சோதனை

பெரியவர்களுக்கும் நுண்ணறையில் நீர் சேரும். உயரமான மலைக்கு வேகமாக ஏறினால் சிலருக்கு இப்படி ஆகும். நம் நாட்டு இராணுவ வீரர்கள் 1960-களில் இமயமலையில் இதனால் மிகவும் பாதிக்கப்பட்டார்கள். இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடன் இருந்தவர்களும் அதைப் பற்றி 1965-ல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

ஏற்கனவே இப்படிப் பாதிக்கப்பட்ட 37 மலையேறிகளை வைத்து ஆல்ப்ஸ் மலையில் 4,559 மீட்டர் உயரத்தில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2002-ல் வெளியானது. பாதிப் பேருக்கு பீட்டா-2 ஏற்பியைத் தூண்டும் சால்மெட்டெரால், மற்றவர்களுக்கு வெறும் மருந்து. வெறும் மருந்து இழுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு நீர் கோர்த்தது. சால்மெட்டெரால் இழுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான்.

அப்போ பெல்லை நாமே அழுத்தலாமே?

எல்லோருக்கும் வந்த யோசனை இதுதான். கடுமையான நிமோனியா, இரத்தத்தில் கிருமி பரவுதல் போன்றவற்றால் நுண்ணறைச் சுவரே சேதமாகி நீர் நிரம்பும் நிலை ஒன்று உண்டு. 2020, 2021-ல் கொரோனாவில் பலர் வெண்டிலேட்டருக்குப் போனது இதனால்தான். 2001-ல் வெளியான ஒரு ஆய்வில் இப்படிப்பட்ட 79 நோயாளிகளைப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரை வெளியேற்றும் சக்தியே குறைந்திருந்தது. நன்றாக வெளியேற்றியவர்கள் அதிகம் பிழைத்தார்கள்.

2006-ல் இங்கிலாந்தில் 40 பேருக்குச் செய்த சோதனையில், சால்பியூட்டமாலை நரம்பில் ஏற்றியபோது நுரையீரல் நீர் குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அடுத்து பெரிய சோதனை. 326 பேரைச் சேர்த்ததும் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2012-ல் முடிவு வந்தது. மருந்து கொடுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 34 சதவீதம். கொடுக்காதவர்களில் 23 சதவீதம். மருந்து காப்பாற்றவில்லை, கெடுதல் செய்தது! அமெரிக்காவில் 282 பேருக்கு அதே மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்த சோதனையும் பயனில்லை என்று நிறுத்தப்பட்டு, 2011-ல் வெளியானது.

ஏன் இப்படி? ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இது. பெல் அடித்தால் ஓட, வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டும். சுவர்ச் செல்லே கிழிந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. தள்ளிய தண்ணீர் ஓட்டை வழியாகத் திரும்பி வந்துவிடும். விடாமல் அழுத்தினால் செல் ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலும் இந்த ஏற்பி இதயத்திலும் இருக்கிறது. நரம்பில் ஏற்றிய மருந்து இதயத்தையும் சேர்த்து விரட்டும்.

அப்படியானால் உண்மையில் எது உதவியது? சுவரைக் கிழிக்காமல் காப்பாற்றுவது! வெண்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு, உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி காற்று தருவதற்குப் பதிலாக 6 மில்லி மட்டும் தந்தபோது, இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது என்று 2000-ல் அமெரிக்க ஆய்வு காட்டியது. நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதும் உயிர் காக்கிறது என்று 2013-ல் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியது. கொரோனா நேரத்தில் குப்புறப் படுக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சுவர் பிழைத்தால் செல் பிழைக்கும். செல் பிழைத்தால் பம்ப்பை அது தானே ஓட்டிக்கொள்ளும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று. ஒரு பொருள் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிவது பாதிதான். அதை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும். 40 பேரிடம் தெரியாத உண்மை 326 பேரிடம் தெரிந்தது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கேள்வி. செல்லுக்குள் தண்ணீர் புகுந்து செல்ல அக்வாபோரின் என்ற தனிப் பாதை உண்டு. நுண்ணறையின் முதல் வகை செல்லில் இருக்கும் அந்தப் பாதையை நீக்கிய சுண்டெலிகளை 2000-ல் ஆராய்ந்தார்கள். அவை நுரையீரல் நீரை வழக்கம் போலவே வெளியேற்றின! பாதை குறைந்தும் தண்ணீர் எப்படிச் சமாளித்தது? மேலே ஊறுகாய் ஜாடி பற்றி எழுதியதை ஒரு தடவை திரும்பப் படித்துவிட்டு யோசியுங்கள். விடையைத் தாளில் எழுதி, கீழே தொங்கும் உறையில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த மாத இதழில் வரும்.

– பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி